கணக்கு வராது: பாலாற்றங்கரையில் ஒரு பாடத்தின் இடப்பெயர்ச்சி

'எனக்குக் கணக்கு வராது' என்கிற வாக்கியத்தில் எழுவாய் கணக்கு. சொல்கிற ஆள் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். வர வேண்டியது கணக்கு, அது வரவில்லை, நான் என்ன செய்யட்டும்? ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இதைச் சொல்லாத வீடு அபூர்வம். மழை வராது, பஸ் வராது, பாலாற்றில் தண்ணி வராது என்பதுபோல இதுவும் ஓர் இயற்கைச் செய்தியாகச் சொல்லப்படுகிறது. பாலாற்றின் சங்கதி வெறும் இயற்கை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, ஆற்றைக் கெடுத்தது எது என்று எழுதிவைத்தது. கணக்கு வராமல் போனதற்கும் அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் எந்தக் கணக்கு வரவில்லை என்று கேட்க வேண்டும். வட்டிக் கணக்கு வருகிறது. பீஸ் ரேட்டில் தைக்கிற பெண்கள் வாரச் சம்பளத்தைச் சூப்பர்வைசர் சொல்வதற்கு முன்பே மனசுக்குள் போட்டுவிடுகிறார்கள். தடுக்கி விழுவது ஒரு குறிப்பிட்ட இடத்தில். பள்ளிக் கணக்கின் எண்களும் வடிவங்களும் முடிந்து, நுண்கணிதம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நிலப்பகுதி கிடக்கிறது: சார்புகள், மடக்கை, முக்கோணவியல், பகுமுறை வடிவியல், பரவளையம், நீள்வட்டம். அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கு 'ப்ரீகால்குலஸ்' என்று பெயர் வைத்துத் தனிப் பாடமாகவே நடத்துகிறார்கள். நம்மிடம் இதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் இதற்கு வீடும் இல்லை. நூற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடப்பகுதி கல்லூரிக்கும் பள்ளிக்கும் இடையில் மூட்டை முடிச்சோடு இடம் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கல்விச் சீர்திருத்தம் என்றே அதற்குப் பெயர். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள் வெளியே நின்றார்கள்.

கதையை வேலூரில் தொடங்கலாம் என்றால் அது யாழ்ப்பாணத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் தமிழ் மாணவர்களுக்கு இயற்கணிதமும் முக்கோணவியலும் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கிருந்து வந்த கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்று தமிழிலேயே ஓர் இயற்கணித நூலை வெளியிட்டார். இரண்டாண்டு கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இரண்டு பேரில் அவர் ஒருவர். மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளையைத் தமிழ் எம்.ஏ. படித்த நாங்கள் எல்லாரும் அறிவோம், பதிப்பு வரலாறு என்ற தலைப்பில் பத்து மதிப்பெண் வினாவாக. கூடவே தேறிய கணக்குக்காரரின் பெயரை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. தமிழ் அறிவு என்றால் இலக்கியம் மட்டும்தான் என்கிற பிரிவினையை நம் துறைகளே காவல் காத்து வந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வீசகணிதம் வெளிவந்த அதே 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்களே ஒழிய ஊழியத்துக்கு வரவில்லை என்கிற மனக்குறை மிஷனுக்கு இருந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஜான் ஸ்கட்டரின் பிள்ளைகள் 1853இல் இந்தப் பக்கம் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். பள்ளிக்கூடம் நடத்துவதைவிடத் தாய்மொழியில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்வதே வேலை என்பது அவர்களுடைய ஆரம்பக் கொள்கை. கொள்கை நிற்கவில்லை. 1898இல் வேலூரில் கல்லூரி வந்தது, பின்னால் ஊரிஸ் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுதான். யாழ்ப்பாணத்தில் தமிழ் பேசத் தொடங்கியிருந்த இயற்கணிதம், அரை நூற்றாண்டு கழித்து வேலூருக்கு ஆங்கிலத்தில் வந்து இறங்கியது.

வேலூரில் வந்தது இரண்டாம் தரக் கல்லூரி. அதாவது எப்.ஏ. வரைக்கும்தான். வேலூர்க் கல்லூரி வகுப்பறையில் அன்று எட்டக்கூடிய கணிதத்தின் உச்சி எப்.ஏ. கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் மெட்ராஸுக்கு ரயில் ஏற வேண்டும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வேலூரில் எப்.ஏ. முடித்து அப்படித்தான் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். அதே காலத்தில் கும்பகோணத்தில் அதே எப்.ஏ.வில் உட்கார்ந்திருந்தார் ராமானுஜன். ராதாகிருஷ்ணன் 1888, ராமானுஜன் 1887, ஏறக்குறைய ஒரே வயது. லோனியின் முக்கோணவியல் நூலைப் பள்ளி வயதிலேயே கரைத்துக் குடித்த ராமானுஜன் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் எழுதியும் தேறவில்லை. கணக்கில் இல்லை, உடலியல் போன்ற மற்றப் பாடங்களில். தத்துவத்துக்குப் போகிறவரும் கணக்கு என்கிற வாசலைத் தாண்ட வேண்டும், கணக்குக்கே பிறந்தவரும் உடலியல் என்கிற வாசலைத் தாண்ட வேண்டும். எப்.ஏ. ஒரு வடிகட்டி. அதற்குக் கணிதம் ஒரு சல்லடைத் துணி, அவ்வளவே. ராமானுஜனின் தோல்வியை மேதைமையின் சோகமாக எழுதி எழுதித் தீர்த்துவிட்டோம். அந்தத் துணியில் தங்கிப்போன மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோகம் எழுத ஹார்டி இல்லை.

தோல் இந்தக் கதைக்குள் நுழைவது 1919இல். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி அந்த ஆண்டு தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தது தோல் வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் கொடை. 1965இல் மேல்விஷாரத்தில் தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் பெயரில் ஒரு கல்லூரி, 1969இல் ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம். ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் கப்பலேறிப் போய்ப் பணமாகத் திரும்பி, அதில் ஒரு பங்கு கரும்பலகையாகவும் சாக்பீஸாகவும் ஆனது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உள்ளூர் மூலதனம் உள்ளூரில் கல்லூரி கட்டிய உதாரணங்கள் வட ஆற்காட்டில் அதிகம் இல்லை. அந்த வகுப்பறைகளில் 'சைன்' என்கிற சொல் பலகையில் எழுதப்பட்டபோது ஒரு வேடிக்கை நடந்திருக்க வேண்டும். ஆரியபட்டரின் 'ஜ்யா', அதாவது வில்லின் நாண், அரபியில் 'ஜீபா' ஆனது. உயிர்க்குறி இல்லாமல் எழுதிய அந்தச் சொல்லைப் பின்னால் வந்தவர்கள் 'ஜைப்' என்று படித்துவிட்டார்கள். ஜைப் என்றால் அரபியில் சட்டையின் மடிப்பு. ஐரோப்பியர் அதை அப்படியே லத்தீனில் 'சைனஸ்' என்று பெயர்த்தார்கள். அதே சொல் ஆங்கிலேயன் கைவழியாக, அரபி ஓதத் தெரிந்த பையன்கள் உட்கார்ந்திருந்த வாணியம்பாடி வகுப்புக்குத் திரும்பி வந்தது. இது உங்கள் சொல்தான் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருப்பார்களா? பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்த பையன்கள் யார்? தோல் விற்கிற வீட்டுப் பையன்கள், கணக்கெழுதுகிற வீட்டுப் பையன்கள். சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோலை இழுத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் சேரிக்காரர்கள். கூடவே ஏழை முஸ்லிம்கள். அவர்கள் பிள்ளைகள் அந்த வாசலை அடைவதற்கு இன்னும் ஒரு தலைமுறை, சில இடங்களில் இரண்டு தலைமுறை ஆகியிருக்கிறது. தமிழகத்தில் அளக்கிற கையும் கணக்கெழுதுகிற கையும் எப்படி வெவ்வேறு சாதிகளின் கைகளாக இருந்தன என்பதைச் செந்தில் பாபுவின் ஆய்வுகள் பக்கம் நம்மைத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். திண்ணைப் பள்ளியின் எண்சுவடிக்கும் கணக்கதிகாரத்துக்கும் இருந்த அந்தப் பழைய பிரிவினை, டேனரிக்கும் கல்லூரிக்கும் நடுவில் புதிதாக ஒரு சுவர் எழுப்பிக்கொண்டது.

சுவரின் இந்தப் பக்கம் என்ன கணக்கு நடந்துகொண்டிருந்தது என்று பார்ப்போம். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். தோல் சதுரமாக இருப்பதில்லை. கழுத்து, வயிறு, கால் என்று ஒவ்வொன்றும் ஒரு வளைவு, எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காது. இதற்காக ஊசிச் சக்கர மெஷின் ஒன்று இருந்தது. வரிசையாகச் சம இடைவெளியில் சக்கரங்கள். தோல் உள்ளே போகப் போக, ஒவ்வொரு சக்கரமும் தனக்குக் கீழே ஓடுகிற பட்டையின் நீளத்தைச் சொல்லும், மொத்தத்தையும் கூட்டி மேலே முள் காட்டும். ஒழுங்கற்ற பரப்பைச் சின்னச் சின்னப் பட்டைகளாக அறுத்துக் கூட்டுவது. தொகை நுண்கணிதத்தின் முதல் பாடம் இதுவேதான். இப்போது சக்கரத்துக்குப் பதில் ஒளிக்கதிர் வந்துவிட்டது, வேலை மாறவில்லை. இந்த மெஷினில் தோல் தள்ளியவரின் மகன் கல்லூரியில் போய் 'பரப்பு' என்கிற தலைப்பில் திக்கி நின்றான்.

இன்னொன்று. ஆம்பூரில் நாற்பது வருஷம் டேனரியில் இருந்த ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சாயம் ஏற்றுவதற்கு முன்னால் தோலின் புளிப்பை எடுப்பார்கள். எடுத்தாகிவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தடிச்ச எடத்துல ஒரு துண்டு வெட்டி, அறுத்த பக்கத்துல பி.சி.ஜி. ரெண்டு சொட்டு வுடணும் தம்பி. நடுவுல மஞ்சாவா கீதுன்னா புளிப்பு இன்னும் போவல, சோடா போட்டு ஓட்டணும். பச்சையும் நீலமுமா வந்துச்சின்னா ட்ரம்ம நிறுத்திக்கலாம்." இதில் எவ்வளவு சோடாவுக்கு எவ்வளவு மாறும் என்றேன். "அது அப்டி நேரா போவாது. மொதல்ல கொட்டுனாலும் அசையாது, கடைசில கொஞ்சம் போட்டாலே எகிறிடும்." பி.எச். என்கிற அளவு 1909இல் டென்மார்க்கில் சோரன்சன் உண்டாக்கியது. அது ஒரு மடக்கை. 4 என்பதற்கும் 5 என்பதற்கும் நடுவே ஒன்று இல்லை, பத்து மடங்கு. நேர்கோடாகப் போகாத சார்பு என்றால் என்ன என்பதை அந்தப் பெரியவர் கையால் அறிந்திருக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'உழைக்கும் மக்களிடம் கணிதம் இருக்கிறது' என்று சொல்லிப் புளகாங்கிதம் அடைவது நம் பத்திரிகைகளில் ஒரு நோயாகவே ஆகிவிட்டது. நாட்டுப்புறவியல் கருத்தரங்குகளில் இதைச் சொன்னால் கைதட்டு விழும். பெரியவருக்கு அது தெரிந்திருந்தும் கடைசி வரை ட்ரம் பக்கத்திலேயேதான் நின்றார். அவர் தலைக்கு மேல் நின்ற கெமிஸ்ட், அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் (1948இல் வந்தது) என்று சொல்லிக்கொண்டு வருபவர், அந்த மடக்கையைத் தாளில் எழுதத் தெரிந்தவர். தோல் தொழில்நுட்பப் பட்டத்துக்குக் கணிதப் பிரிவு வழியாகத்தான் போக முடியும். கை அறிவைக் குறியீடாக மாற்றுகிற இடம்தான் இந்தப் பெயரில்லாத பாடம். அதிகாரம் கைமாறும் இடமும் அதுவே. அதைத் தராமல் கை அறிவை மட்டும் புகழ்வது, குழியிலேயே இரு என்று மரியாதையாகச் சொல்வது.

1956 வாக்கில் இன்டர்மீடியட் போய் பி.யூ.சி. வந்தது. பதினொரு ஆண்டு பள்ளி, ஒரே ஓர் ஆண்டு கல்லூரிப் புகுமுகம், பிறகு மூன்றாண்டு பட்டம். இரண்டாண்டு நடந்த பாடத்தை ஓராண்டில் அமுக்கினார்கள். அந்த ஓராண்டுக்கும் கல்லூரி இருக்கிற ஊருக்குப் போக வேண்டும், தமிழில் படித்துவிட்டு வந்தவன் ஜூலையில் ஆங்கிலத்தில் 'சைன் தீட்டா' கேட்க வேண்டும், மார்ச்சில் பரீட்சை. கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டக் கற்றுக்கொள்வதற்குள் தீபாவளி வந்துவிடும். 'பி.யூ.சி. பெயில்' என்பது தமிழ்ச் சமூகத்தில் ஒரு பட்டமாகவே புழங்கியது. கல்யாணப் பத்திரிகையில் போடாத குறைதான். அதில் தோற்றவர்கள் எத்தனை பேர் ஷூ கம்பெனிகளில் டைம் கீப்பராகவும் ஸ்டோர் கிளார்க்காகவும் முடிந்தார்கள் என்பதை நம் பெரியப்பா, சித்தப்பாக்களைக் கேட்டால் தெரியும். பெண்கள் நிலை இன்னும் சுருக்கமானது. 1954இல் காட்பாடியில் ஆக்சீலியம் வந்தது. வாணியம்பாடிப் பெண்ணுக்குக் காட்பாடி எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

மொழிப் பிரச்சனைக்குத் தீர்வு யோசிக்கப்படாமல் இல்லை. 1916லேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் சாஸ்திரச் சொற்களுக்காக ஒரு சங்கமும் பத்திரிகையும் நடத்தினார்கள். 1960இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பு தமிழில் தொடங்கியது, தொடர்ந்து கல்லூரி அறிவியல் நூல்களும் தமிழில் அச்சாயின. அந்தக் கலைச்சொற்களை ஒரு தமிழ் மாணவனாக இப்போது படிக்கையில் எனக்குத் திகைப்பாக இருக்கிறது. ஒரு மதிப்பைக் கொடுத்தால் அதைச் சார்ந்து இன்னொரு மதிப்பு பிறப்பதற்குச் 'சார்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியர் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் சார்ந்து வருபவை என்கிறார். தனியே நிற்காமல் பக்கத்து எழுத்தைப் பொறுத்தே அவை ஒலிக்கும். நாடு என்றால் உகரம் குறுகும், நடு என்றால் குறுகாது. முன்னால் நிற்பதைப் பொறுத்துப் பின்னால் வருவதன் அளவு தீர்மானமாகிறது. சார்பகம், வீச்சகம் என்று பலகையில் எழுதும்போது ஒரு கணித ஆசிரியர் எழுத்ததிகாரத்தைத் திறந்து காட்டியிருந்தால், ஒரு தமிழாசிரியர் குற்றியலுகரம் நடத்தும்போது பக்கத்து வகுப்பைக் கூப்பிட்டிருந்தால்! இரண்டு பேரும் ஒரே ஆசிரியர் அறையில்தான் டீ குடிக்கிறார்கள். சொற்கள் இருந்தன, புத்தகங்களும் இருந்தன. மேலே போகிற படிப்பும் வேலையும் ஆங்கிலத்தில் இருந்ததால் அவற்றைப் படித்தவன் இரண்டாம்தரம் ஆக்கப்பட்டான். அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்க 2010 வரை ஆனது.

1978இல் பெரிய இடப்பெயர்ச்சி. கோத்தாரி ஆணையம் (1964–66) சொன்ன 10+2+3 அமைப்பைத் தமிழகம் ஏற்றது. பி.யூ.சி. ஒழிந்து +1, +2 வந்தன. 1980இல் முதல் +2 பொதுத் தேர்வு. கல்லூரிப் பாடம் பள்ளிக்கு இறங்கி வந்தது. வேலூருக்கோ வாணியம்பாடிக்கோ போக முடியாதவர்களுக்கு அது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியிலேயே கிடைத்தது. இதைச் சனநாயகமயமாதல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. என் தலைமுறை அதன் பயனாளி. ஆனால் பாடம் இறங்கி வந்த அதே வேகத்தில் விலையும் ஏறியது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு. அதே ஆண்டில் வேலூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, இன்றைக்கு வி.ஐ.டி. என்று உலகம் அறிந்தது. +2 மதிப்பெண் ஒரு நாணயம் ஆயிற்று. நாணயம் ஆனபின் பாடம் எதற்கு?

நடந்தது இது. +2 மதிப்பெண்தான் எண்ணப்படும், +1க்குப் பொதுத் தேர்வு கிடையாது. எனவே தனியார் பள்ளிகள் பலவற்றில் +1 புத்தகத்தைத் திறக்காமலேயே இரண்டு ஆண்டும் +2 பாடத்தை உருப்போட வைத்தார்கள். +1 புத்தகத்தில் என்ன இருக்கிறது? சார்புகள், முக்கோணவியல், பகுமுறை வடிவியல். நாம் பேசிக்கொண்டிருக்கிற நிலப்பகுதி முழுவதும் அதற்குள்தான் கிடக்கிறது. நானும் அப்படி ஒரு பள்ளியில்தான் முதல் குரூப் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், பல பள்ளிகளின் பெயர் அது. ஜூன் மாதமே +2 புத்தகம் கையில் வந்தது. வகைக்கெழு போடுவோம், எதை வகையிடுகிறோம் என்று தெரியாது. ஆறாவது மாதத்தில் வகுப்பாசிரியர் என் அம்மாவைக் கூப்பிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார்: இவனுக்குக் கணக்கு வராதும்மா. அம்மா அதை நம்பினார். நானும் நம்பினேன், தமிழ் படிக்கப் போனேன். (தமிழுக்கு லாபம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். தமிழ்த் துறைகள் இப்படித்தான் நிரம்புகின்றன என்பது கேலி இல்லை.)

பரீட்சை என்பது கண்காணிப்பும் தரப்படுத்தலும் கூடிய அதிகாரச் சடங்கு என்று பூக்கோ 1975இல் எழுதினார். நம்மில் பலர் அதை மேற்கோள் காட்டிப் பரீட்சைகளை எதிர்த்திருக்கிறோம். ஆனால் இங்கே பரீட்சை இல்லாமல் போன வகுப்பில்தான் பாடமே களவு போனது. நுழைவுத் தேர்வு 2007–08 சேர்க்கையிலிருந்து நீங்கியது, கிராமப் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. +1 களவு மட்டும் நிற்கவில்லை. 2017–18இல் +1க்குப் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள், 2018இல் புதிய +1 கணிதப் புத்தகம் இரண்டு தொகுதியாக வந்தது. முதல் தொகுதியைப் புரட்டிப் பார்த்தால் கணங்களில் தொடங்கிப் பகுமுறை வடிவியலில் முடிகிறது. இந்த நாட்டில் முதல் தடவையாக இந்தப் பாடத்துக்கு ஒரு வீடும் வாசலும் அமைந்தது போலிருந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை +1 பொதுத் தேர்வைக் கைவிடுவதாக அறிவித்தது. பிள்ளைகளின் பாரம் குறைகிறது என்பது காரணம். பாரம் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் முன்பு பரீட்சை இல்லாதபோது புத்தகத்தைத் திறக்காதவர்கள் எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள்.

பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் நாம் சண்டை போடுகிறோம். வேறு மாதிரி கேட்ட ஒருவர் உண்டு. 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யப் போய் அடிபட்டு, சிறை சென்ற பாப் மோசஸ், 1980களில் மாசசூசெட்ஸில் 'அல்ஜீப்ரா ப்ராஜெக்ட்' தொடங்கினார். 2021இல் இறந்தார். வாக்குச்சீட்டு எப்படி அரசியல் உரிமையோ அப்படியே இந்தக் காலத்தில் இயற்கணிதம் பொருளாதார உரிமை என்பது அவர் வாதம். கறுப்புப் பிள்ளைகளைக் கல்லூரிக் கணிதத்தின் வாசலில் நிறுத்திவைப்பது அன்று வாக்குச்சாவடி வாசலில் நிறுத்திவைத்ததன் தொடர்ச்சி என்றார். ரயிலில் பயணம் செய்யவைத்து, நிலையங்களை எண்ணவைத்து, அதிலிருந்து குறை எண்களுக்கும் திசைக்கும் போனார். நம் இயக்கங்கள் இரவுப் பள்ளி நடத்தியிருக்கின்றன, அறிவொளியில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. மடக்கையைப் போராட்டக் கோரிக்கையாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, நான் உட்பட.

போன மாதம் அந்தப் பெரியவர் வீட்டுக்கு மறுபடி போயிருந்தேன். பேத்தி +1 படிக்கிறது, கணிதப் பிரிவு, அரசுப் பள்ளி. மடக்கைப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வரைபடத்தில் கோடு முதலில் செங்குத்தாக ஏறிப் பிறகு படுத்துவிடுகிறது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது இன்னாமா, எகிறிட்டு அப்பறம் அசையவே மாட்டுது?" என்றார். பேத்தி சொல்லத் தொடங்கியது. பாதியில் நின்று, "இரு தாத்தா, நாளைக்கு மிஸ்ஸ கேட்டுட்டு வரேன்" என்றது.